வீட்டுக் குழாயும் நம் கடமையும்

(கீழ் கோத்தகிரியில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



முன்னாளில் இம்மலையில் தண்ணீர் வேண்டுமாயின், குடத்துடன் ஊற்றுக்கு இறங்கிச் சென்று, சுமந்து மேடேற வேண்டும். அத்துன்பம் பெரும்பாலும் தாய்மார்களுடையதாகவே இருந்தது. 2019ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் நாள் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம், ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் நீர் வீட்டுக் குழாயிலேயே கிடைக்க வேண்டுமென வகுத்தது. குழாய் வீட்டுக்கு வந்தால் போதுமா? அதைப் பேணும் அறிவும் உடன் வர வேண்டாமா?

மலையில் தொட்டி மேட்டில் இருக்கிறது. வீடுகள் சரிவில் இருக்கின்றன. 10 மீட்டர் இறக்கத்திற்கு, சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோ வீதம் நீரின் அழுத்தம் கூடுகிறது. ஆதலின் கீழ் வரிசையில் ஒரு குழாய் உடைந்தால் நீர் அவ்வழியே பாய்ந்துவிடும். மேல் வரிசையில் வெறும் காற்றே வரும்.

ஒரு ஹட்டியில் இதனை நாம் நேரில் கண்டோம். விடியற்காலையில் ஒரு வீட்டில் குழாய் வெடித்தது. அடைக்கும் வால்வு எங்கே என்று வீட்டாருக்குத் தெரியவில்லை. அது தேயிலைச் செடியின் அடியில் மண்மூடிக் கிடந்தது. அதைத் தோண்டி எடுப்பதற்குள் தொட்டி வற்றிவிட்டது. அன்று மேல் வரிசைப் பிள்ளைகள் பள்ளிக்குச் செல்லாமல் குடம் தூக்கினார்கள்.

எனவே, இன்று வீடு திரும்பியதும் உங்கள் வால்வைக் கண்டுபிடியுங்கள். சக்கரப்பிடியாயின் வலப்புறம் திருக மூடும். நீண்ட கைப்பிடியாயின் குழாய்க்குக் குறுக்காகத் திருப்ப மூடும். வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் அதை மூடிப் பழகுதல் வேண்டும்.

குழாய் வெடித்தால் முதலில் வால்வை மூடுக. நீர் மின்கம்பியருகே பாய்ந்தால், ஈரத்தில் நில்லாது மெயின் சுவிட்சை நிறுத்துக. சுவிட்சே நனைந்திருந்தால் அதனைத் தொடாது மின்வாரியத்தாருக்குச் சொல்லுக. பின்னர்த் தாழ்வான குழாயைத் திறந்து எஞ்சிய நீரை வடித்துவிடுக. பழைய சைக்கிள் டியூபை நீளமாக வெட்டி, வெடிப்புக்குச் சற்று முன்பிருந்தே இழுத்துச் சுற்றி, கம்பியால் முறுக்கிக் கட்டுக. இது தற்காலிகக் கட்டே. விரைவில் புதுக்குழாய் பொருத்தல் வேண்டும். செப்பனிட்டபின் முதலில் வரும் கலங்கல் நீரைக் கொட்டிவிட்டு, குடிநீரைக் காய்ச்சிக் குடியுங்கள்.

சொட்டும் குழாய்க்குப் பெரும்பாலும் வாஷர் தேய்ந்ததே காரணம். வால்வை மூடி, குழாயின் தலையை ஸ்பானரால் கழற்றி, அதே அளவுள்ள புது வாஷரை இடுங்கள். கால் சுற்றில் திறக்கும் புதுவகைக் குழாய்களில் உள்ளுறுப்பையே மாற்ற வேண்டும். இரவில் சொட்டும் குழாயின் கீழ் ஒரு பாத்திரம் வைத்துப் பாருங்கள்; காலையில் அதுவே உங்களுக்குக் கணக்குச் சொல்லும்.

கசிவினால் நீர் மட்டுமா போகிறது? அது சரிவு மண்ணை ஊற வைக்கிறது. 2009 நவம்பர்ப் பெருமழையில் நீலகிரியில் மண் சரிந்து உயிர்கள் போனதை நாம் மறக்கலாகாது. மழை பெய்து பாதை அடைபட்ட நாளில் கோத்தகிரியிலிருந்து குழாய்ப் பணியாளர் வர இயலாது. அன்று நம் கையே நமக்கு உதவி.

ஆயினும், பொதுக்குழாயில் எவரும் கை வைத்தலாகாது. அங்குக் கசிவு கண்டால் உடனே ஊராட்சிக்குத் தெரிவியுங்கள். ஊராட்சியாரும் ஒவ்வொரு தெரு வால்வுக்கும் அடையாளக் கல் நட்டு, ஸ்பானர், வாஷர், டியூப் ஆகியவற்றை ஊர்ப் பொதுவில் வைத்தல் நலம்.

கீழ்வீட்டார் மூடும் குழாயில்தான் மேல்வீட்டார் குடம் நிறைகிறது. இதனை நினைவிற் கொள்வோமாக.