கைக்கேற்ற சுட்டி



கணினி விளையாட்டுக்கான சுட்டியைப் பற்றிப் பாடசாலை அதிபர் ஒருவர் வானொலியிற் பேசப் புகுவது தகுமோ என்று வினவுவாரும் உளர். 2023ஆம் ஆண்டிலே சீன நாட்டு ஹாங்சோ நகரில் நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவில் இவ்விளையாட்டுகளுக்கும் பதக்கங்கள் வழங்கப்பட்டன என்று நான் விடையிறுக்கலாம். ஆயினும் பெற்றோர் என்னிடம் கேட்பது பதக்கத்தைப் பற்றியன்று. "பிள்ளை கேட்கிற சுட்டியின் விலைக்கு வீட்டிலே இரண்டு கிழமைச் சமையல் நடக்கும், அவ்வளவு கொடுத்து வாங்கத்தான் வேண்டுமா, ஐயா?" என்பதே அவர்தம் கேள்வி. வாங்கிக் கொடுத்தாற் கையிருப்புக் கரையும். மறுத்தாற் பிள்ளையின் முகம் வாடும். ஆதலின் இக்கேள்வியை அலட்சியஞ் செய்தலாகாது.

1960களில் அமெரிக்காவில் டக்ளஸ் ஏங்கல்பாட் என்பவரின் எண்ணத்தில் உருவான முதற் சுட்டி, அடியில் இரு சக்கரங்கள் பூண்ட சிறு மரப்பெட்டியேயாம். இன்றைய சுட்டியின் வயிற்றில் ஒரு நுண்ணிய ஒளிப்படக் கருவி இருக்கின்றது. அது மேசைப் பரப்பை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை படம்பிடித்து, முன்னைய படத்தோடு பின்னையதை ஒப்பிட்டு, கை எத்திசையில் எவ்வளவு நகர்ந்தது என்று கணிக்கின்றது. சுட்டியை ஓர் அங்குலம் நகர்த்தினால் எத்தனை அடிகளாக அது எண்ணப்படுகின்றது என்பதைத்தான் டிபிஐ என்ற மூன்றெழுத்தாற் குறிக்கின்றனர்.

கடைக்காரர் முதலில் முழங்குவது இந்த எண்ணையே. இருபத்தையாயிரம், முப்பதினாயிரம் என்று பெட்டியின்மேற் பொறித்திருப்பர். எண் பெரிதானாற் பொருளும் சிறந்தது என்று கருதுவது பிழை. 800 என்று வைத்துக்கொள்வோம். 1,920 புள்ளி அகலமுள்ள திரையை ஓரத்திலிருந்து ஓரம் கடக்க இரண்டரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான அசைவு போதும். முப்பதினாயிரத்தில் வைத்தாலோ, விரல் சற்றே நடுங்கினும் குறி திரையின் மறுகோடிக்குப் பாய்ந்துவிடும். கவுன்ரர் ஸ்ரைக் போன்ற சுடும் விளையாட்டிலே தேர்ந்தவர்களுட் பலர் 400, 800 என்ற அளவுகளிலேயே ஆடுகின்றனர். ஆகவே அப்பெரிய எண்ணுக்காக ஒரு ரூபாவேனும் மிகையாகக் கொடுக்க வேண்டியதில்லை.

சுட்டி கணினிக்குச் செய்தி அனுப்பும் வேகமும் இத்தகையதே. சாதாரணச் சுட்டி நொடிக்கு 125 முறை, அதாவது எட்டு மில்லிசெக்கனுக்கு ஒருமுறை அனுப்பும். விளையாட்டுச் சுட்டி 1,000 முறை அனுப்பும். இவ்வேறுபாடு பயனுடையது. 8,000 முறை அனுப்புவனவும் உள. ஆனால் நொடிக்கு 60 தடவை மட்டுமே புதுப்பிக்கப்படும் திரையை வைத்திருப்பவர் அதனை வாங்குவது, குண்டும் குழியுமான ஒழுங்கையில் ஓட்டுவதற்குப் பந்தயக் கார் வாங்குவதை ஒக்கும்.

அவ்வாறாயின் எதைப் பார்ப்பது? பிள்ளையின் கையையும் அவன் ஆடும் ஆட்டத்தையும் பாருங்கள். சுடும் விளையாட்டில் முழங்கையிலிருந்து சுட்டியை விரைந்து வீசவேண்டியிருத்தலால் இலேசானது நன்று. 60 முதல் 85 கிராம் வரை போதும். டொட்டா போன்றவற்றில் இடையறாது சொடுக்க வேண்டியிருப்பதால் நிறையைவிடப் பொத்தானின் மென்மையே பெரிது. பல்லாயிரவர் ஒருங்கு கூடி ஆடும் நெடுங்கதை விளையாட்டுகளுக்கெனப் பெருவிரற் பக்கத்திற் பன்னிரண்டு பொத்தான்கள் கொண்ட சுட்டிகளும் உண்டு. பிறர்க்கு அவை வீண் சுமை.

கையைப் பொறுத்தவரை, உள்ளங்கை முழுவதையும் சுட்டியின்மேற் படியவைப்பவருக்கு முதுகு உயர்ந்த நீண்ட சுட்டி வேண்டும். விரல்களை நகம்போல் வளைப்பவருக்கும், நுனிவிரலால் மட்டும் பற்றுபவருக்கும் சிறியது பொருந்தும். பெரிய கைக்குச் சிறிய சுட்டியைக் கொடுத்தால் விரல்கள் இறுகி மணிக்கட்டு நோகும். அந்நோவு மறுநாட் காலையில் எழுதுகோலைப் பிடிக்கும்போதும் தொடரும். அதிபரென்ற முறையில் எனக்கு இதுவே பெருங்கவலை. இடக்கைப் பிள்ளைகளை மறந்துவிடாதீர்கள். பெரும்பாலான சுட்டிகள் வலக்கைக்கென்றே வளைக்கப்பட்டவை. இருபுறமும் ஒத்த வடிவினதைத் தேடுதல் வேண்டும்.

விலை நாணய மாற்றோடு ஏறி இறங்குவதால் ரூபாக் கணக்குச் சொல்லப் புகேன். விளம்பரஞ் செய்யும் நோக்கின்றி ஓர் உதாரணம் மட்டும் தருவேன். லொஜிரெக் நிறுவனத்தின் ஜி102 ஏறத்தாழ 85 கிராம் நிறையும் ஆறு பொத்தான்களும் உடையது. நொடிக்கு 1,000 முறை செய்தி அனுப்புவது. விலையிற் கீழ்ப்படியில் நிற்பது. பெரும்பாலான மாணவர்க்கு இத்தரத்தது போதும். கம்பியில்லாதது வேண்டுமெனில், தனி வாங்கியைக் கணினியிற் செருகும் வகையைக் கொள்க. புளூடூத் மட்டும் உடையது அலுவலகத்துக்கு ஏற்கும், விரைவாட்டத்துக்கு ஏலாது. மிச்சப்படும் பணத்தில் நல்லதொரு துணிவிரிப்பு வாங்கலாம். கண்ணாடி மேசையிற் பெரும்பாலான சுட்டிகள் தடுமாறும்.

செலவே இல்லாத ஒரு திருத்தமும் உண்டு. விண்டோஸ் அமைப்பிலே சுட்டியின் துல்லியத்தை மேம்படுத்துவதாகச் சொல்லும் ஒரு தெரிவு இயல்பாகவே இயங்கிக்கொண்டிருக்கும். கையின் வேகத்துக்கேற்பக் குறியின் தூரத்தை அது மாற்றுவதால், கைக்குப் பழக்கம் படிவதில்லை. புதிய சுட்டி வாங்குமுன் அதனை நிறுத்திவிட்டுச் சில நாட்கள் ஆடிப்பார்க்கச் சொல்லுங்கள். பழைய சுட்டியே போதுமென்று பிள்ளை கூறினும் கூறுவான்.

பின்னும் வாங்கத்தான் வேண்டுமெனில், பம்பலப்பிட்டி யூனிற்றி பிளாசாவானாலும் உங்கள் ஊர்க் கடையானாலும், பிள்ளையையும் உடன் அழைத்துச் சென்று, பெட்டியைத் திறந்து கையில் வைத்துப் பார்க்க இசையும் கடையிலேயே வாங்குங்கள். ஒருமுறை அழுத்தினால் இருமுறை சொடுக்குவது இக்கருவிகளுக்குப் பெரும்பாலும் பிந்தி வரும் நோய். உத்தரவாதக் காலத்தை எழுத்திற் பெற்று, பற்றுச்சீட்டை அடையாள அட்டைப் பிரதியோடு சேர்த்து வைத்துவிடுங்கள்.