ஓய்வு நாளில் ஒரு காட்டு நடை



"ஆறு நாளும் காட்டு வேலை. விடுமுறை நாளிலும் காட்டுக்குப் போவதா?" என்று தோட்டத்தில் இருப்பவர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். பால் வெட்டவும் குலை அறுக்கவும் நடந்த கால்களுக்கு ஓய்வு வேண்டும். ஆனால் படுத்துக் கிடப்பது மட்டும்தான் ஓய்வா? இதை இன்று சற்றுச் சிந்திப்போம்.

கோலாலம்பூரிலிருந்து ஏறக்குறைய 16 கிலோமீட்டர் தொலைவில், கெப்போங்கில், மலேசிய வன ஆராய்ச்சிக் கழகத்தின் காடு இருக்கிறது. நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே போய் வந்தோம். 1920ஆம் ஆண்டுகளில் அந்த இடத்தின் பெரும்பகுதி ஈயம் தோண்டிப் பாழாய்ப்போன நிலம். அதில் மனிதர்கள் கன்று நட்டார்கள், காத்திருந்தார்கள். இன்று அது அடர்ந்த காடு. 2025ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கெட்டுப்போன மண்ணும் பராமரித்தால் மீளும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அங்கே கப்பூர் மரங்கள் நிற்கின்றன. பழங்காலத்தில் இந்த இன மரத்திலிருந்து கற்பூரம் எடுத்தார்கள். அண்ணாந்து பார்த்தால் ஒரு மரத்தின் உச்சி இன்னொன்றின் உச்சியைத் தொடுவதில்லை. நடுவே வானம் சிற்றாறு போல ஓடுகிறது. பக்கத்து மரத்தின் நிழலை உணர்ந்து கிளை நுனிகள் வளர்ச்சியை நிறுத்திக்கொள்கின்றன என்று ஆராய்ச்சியாளர் சிலர் கருதுகிறார்கள்.

எங்களோடு வந்த அக்காள் ஒருவர் பல ஆண்டுகள் பால் வெட்டியவர். அவர் வெகுநேரம் மேலேயே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "இத்தனை வருஷமா மரத்துப் பட்டையத்தான் பார்த்தேன். மரத்த இன்னிக்குத்தான் பார்க்கிறேன்" என்றார்.

நேயர்களே, வேலைக்கு நடக்கும்போது நிரையும் நேரமும் நம்மை நடத்துகின்றன. இங்கே நாமே நடக்கிறோம். விரும்பிய இடத்தில் நிற்கிறோம். களைப்பு ஒன்றுதான், ஆனால் இந்தக் களைப்பு மனத்தை லேசாக்குகிறது.

போக விரும்புவோர் சிலவற்றைக் கவனியுங்கள். காலையிலேயே புறப்படுங்கள், பிற்பகலில் இடி மழை வரக்கூடும். வழுக்காத சப்பாத்து, தண்ணீர், கட்டுச்சோறு போதும். பாதையை விட்டு விலகாதீர்கள். அட்டை கடித்தால் பதற்றம் வேண்டாம். நகத்தால் மெல்ல நீக்கிக் கழுவுங்கள். கொண்டுபோன தாளையும் பையையும் திரும்பக் கொண்டுவாருங்கள்.

இன்னொன்று. வீட்டில் ஞாயிற்றுக்கிழமையும் அடுப்பை விட்டு நகராதவர் ஒருவர் இருக்கிறார்: அம்மா. முந்திய இரவே எல்லாரும் ஆளுக்கொரு வேலையாகச் சமையலைப் பகிர்ந்து முடியுங்கள். காலையில் முதலில் அவரைப் புறப்படச் சொல்லுங்கள்.