கனவும் வேண்டும், கணக்கும் வேண்டும்

(தக்கலையில் போட்டித் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்களிடமும் பெற்றோரிடமும் இ-சேவை மையப் பணியாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



கிடைக்க வாய்ப்பு ரொம்பக் குறைவு என்று தெரிந்தும் ஒரு வேலைக்கு ஆசைப்படலாமா? இங்கே உட்கார்ந்திருக்கிற பலருக்கு மனசுக்குள்ளே இந்தக் கேள்வி இருக்கும். அதைத்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன். நேரடியாகக் கணக்கிலிருந்தே தொடங்குவோம்.

2023-ம் ஆண்டு குடிமைப்பணித் தேர்வுக்கு, அதாவது ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். பணிகளுக்கான யு.பி.எஸ்.சி. தேர்வுக்கு, விண்ணப்பித்தவர்கள் 10 லட்சத்து 16 ஆயிரத்துக்கும் மேல். கடைசியில் பணிக்குப் பரிந்துரைக்கப்பட்டவர்கள் 1,016 பேர். ஆயிரத்துக்கு ஒருத்தர். நம்ம மாநிலத்தில் 2024 குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவித்த இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் அதிகம். பிறகு இடங்களைக் கூட்டினார்கள் என்றாலும், கூட்டம் கூட்டம்தான்.

இதைக் கேட்டதும், "நமக்கெல்லாம் எங்க கிடைக்கப் போகுது" என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்க. அதே கணக்கைப் பிரித்துப் பார்ப்போம்.

அந்த 10 லட்சம் பேரில் முதல்நிலைத் தேர்வை எழுத வந்தவர்கள் சுமார் 5 லட்சத்து 92 ஆயிரம். நாலு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தேர்வு அறைக்கே வரவில்லை. முதன்மைத் தேர்வுக்குத் தகுதி பெற்றவர்கள் 14,624 பேர். நேர்முகத் தேர்வுக்குப் போனவர்கள் 2,855 பேர். அதில்தான் அந்த 1,016 பேர். விண்ணப்பம் போடுகிற அன்று ஆயிரத்தில் ஒருத்தராக இருந்தவர், நேர்முகத் தேர்வு வாசலில் நிற்கும்போது மூணு பேரில் ஒருத்தர் ஆகிவிடுகிறார். படி ஏற ஏறக் கணக்கு மாறுகிறது.

ஆனால் அந்த வாசல் வரைக்கும் போய்த் திரும்பியவர்கள் 1,800 பேருக்கு மேல் இருக்கிறார்களே, அவர்களை யோசித்தீங்களா? அவ்வளவு தூரம் படித்தவர்கள். அவர்கள் வீடு திரும்பும்போது கையில் என்ன இருந்தது? ஒரு பெரிய கனவில் இறங்குவதற்கு முன்னால் நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுதான்: கடைசிப் படி கிடைக்காமல் போனாலும், ஏறி வந்த படிகள் நமக்குச் சோறு போடுமா?

நம்ம மாவட்டத்து இரண்டு பேர்

இதைப் புரிந்துகொள்ள வெளியூர் உதாரணம் வேண்டாம். இஸ்ரோ தலைவர் பதவிக்கு நம்ம கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்தே இரண்டு பேர் போயிருக்கிறார்கள். சரக்கல்விளை கே.சிவன், மேலக்காட்டுவிளை வி.நாராயணன். இரண்டு பேருமே தமிழ் வழியில் பள்ளிப் படிப்பு படித்தவர்கள்.

சிவன் விவசாயி மகன். குடும்பத்தில் முதல் பட்டதாரி. அவருக்கு ஆசை இன்ஜினீயரிங். வீட்டில் வசதி இல்லை. ஒரு வாரம் சாப்பிடாமல் அடம் பிடித்தும் அப்பா சம்மதிக்கவில்லை என்று அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். நாகர்கோவில் இந்துக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் சேர்ந்தார். அதை முடித்ததும் அப்பாவே, "ஒரு தடவை உன்னைத் தடுத்தேன், இந்தத் தடவை தடுக்கமாட்டேன், நிலத்தை விற்றாவது படிக்க வைக்கிறேன்" என்ற பொருளில் சொன்னாராம். சென்னை எம்.ஐ.டி.யில் சேர்ந்து 1980-ல் விமானப் பொறியியல் முடித்தார்.

உடனே வேலை கிடைத்ததா? இல்லை. அந்தப் படிப்புக்கு அன்றைக்கு நாட்டில் விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்கள்தான் இருந்தன. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மேற்படிப்பு படித்தார். 1982-ல் இஸ்ரோவில் சேர்ந்தார். அங்கேயும் அவர் விரும்பியது செயற்கைக்கோள் மையம். கிடைத்தது திருவனந்தபுரத்தில் உள்ள விக்ரம் சாராபாய் மையம். கேட்ட பிரிவும் கிடைக்கவில்லை, பி.எஸ்.எல்.வி. ராக்கெட் திட்டத்தில் போட்டார்கள். கிடைத்த வேலையை உருப்படியாகச் செய்தார். 2018 ஜனவரியில் இஸ்ரோ தலைவர் ஆனார். சேர்ந்து 36 வருஷம் கழித்து.

நாராயணன் வழி வேறு. அவர் முதலில் படித்தது மெக்கானிக்கல் டிப்ளமோ. படித்து முடித்ததும் தனியார் கம்பெனிகளிலும், திருச்சி, ராணிப்பேட்டை பி.எச்.இ.எல். நிறுவனத்திலும் சில காலம் வேலை பார்த்தார். 1984-ல் இஸ்ரோவில் சேர்ந்தார். வேலையில் இருந்துகொண்டே ஏ.எம்.ஐ.இ. முடித்து, காரக்பூர் ஐ.ஐ.டி.யில் 1989-ல் கிரையோஜெனிக் பொறியியலில் எம்.டெக். முடித்தார், அதுவும் முதல் ரேங்கில். 2001-ல் பிஎச்.டி. எல்.வி.எம்.3 ராக்கெட்டின் சி25 கிரையோஜெனிக் திட்டத்துக்கு இயக்குநராக இருந்தார். 2025 ஜனவரியில் இஸ்ரோ தலைவர்.

கவனிங்க. டிப்ளமோவோடு நின்றிருந்தாலும் நாராயணனுக்கு ஒரு வேலை இருந்திருக்கும். பி.எஸ்சி. கணிதத்தோடு நின்றிருந்தாலும் சிவனுக்கு ஒரு வாழ்க்கை இருந்திருக்கும். ஒவ்வொரு படியும் தனியாகவே நிற்கக்கூடிய படி. அதில் நின்றுகொண்டுதான் அடுத்த படிக்கு எட்டிப் பார்த்தார்கள்.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு பேரைக் காட்டி, "உழைத்தால் எல்லாரும் இஸ்ரோ தலைவர் ஆகலாம்" என்று சொன்னால் அது பொய். அந்த நாற்காலி ஒன்றுதான். அதே உழைப்பு உழைத்து, பெயர் வெளியே தெரியாமல் ஓய்வு பெற்றவர்கள் எத்தனையோ பேர். இவர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, படியைக் கட்டிய விதம்.

சந்திரயான்-2 நினைவிருக்கிறதா? 2019 செப்டம்பர் 7 அதிகாலையில் விக்ரம் லேண்டரோடு தொடர்பு அறுந்துபோனது. சிவன் கண் கலங்கியதை நாடே டி.வி.யில் பார்த்தது. ஆனால் அதோடு அனுப்பிய ஆர்பிட்டர் நிலவைச் சுற்றிக்கொண்டே இருந்தது. 2023 ஆகஸ்டில் சந்திரயான்-3 இறங்கப் போகும்போது, அதன் லேண்டரோடு தொடர்பு வைத்துக்கொள்ள அந்தப் பழைய ஆர்பிட்டர் உதவியது. ஆகஸ்ட் 23-ம் தேதி நிலவின் தென்துருவப் பகுதியில் லேண்டர் இறங்கியது. இறங்குவதில் தோற்ற திட்டத்திலும் உருப்படியாக ஒரு பகுதி வேலை செய்துகொண்டிருந்தது. நம்ம திட்டத்திலும் அப்படி ஒரு ஆர்பிட்டர் இருக்க வேண்டும்.

மூன்று காரியம்

சரி, நாம் என்ன செய்ய வேண்டும்? மூன்று காரியம் சொல்கிறேன்.

முதலாவது, உங்கள் கனவின் எண்ணிக்கையைத் தெரிந்துகொள்ளுங்க. எத்தனை இடம், எத்தனை பேர் எழுதுகிறார்கள், வயது வரம்பு என்ன, எத்தனை முறை எழுதலாம்? குடிமைப்பணித் தேர்வை பொதுப் பிரிவினர் 32 வயது வரை 6 முறை எழுதலாம். ஓ.பி.சி. பிரிவினருக்கு 35 வயது வரை 9 முறை. எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 37 வயது வரை. எண்ணிக்கை வரம்பு கிடையாது. இது தெரியாமல் "சும்மா ஒரு தடவை எழுதிப் பார்க்கேன்" என்று போய் ஒரு வாய்ப்பை வீணாக்காதீங்க. முதல்நிலைத் தேர்வில் ஒரு தாள் எழுதினாலே ஒரு முறை கணக்காகிவிடும்.

இரண்டாவது, ஒரு தேதி குறியுங்க. மையத்துக்கு வருகிற அம்மாமார் என்னிடம் கேட்பதுண்டு: "மக்கா, பயல் மூணு வருஷமா வீட்டுல இருந்து படிக்கான். இன்னும் எவ்வளவு நாள் பொறுக்கணும்?" அந்தக் கேள்விக்குப் பதில் நான் சொல்ல முடியாது, பிள்ளைதான் சொல்ல வேண்டும். வீட்டில் உட்கார்ந்து பேசுங்க. "இத்தனை வருஷம் முழு நேரமாகப் படிக்கிறேன். அதற்குள் முதல்நிலைத் தேர்வையாவது தாண்டவில்லை என்றால் வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறேன்" என்று எழுதி வையுங்க. எவ்வளவு பணம் செலவழிக்கலாம் என்பதையும் அதிலேயே எழுதுங்க. அம்மாவின் நகை அடகுக்குப் போகிறது என்றால் அது எந்த அளவு வரைக்கும் என்பது பிள்ளைக்கும் தெரிய வேண்டும். தேதி வைத்துவிட்டால் அது வரைக்கும் வீட்டில் யாரும் குத்திக்காட்டாமல் இருக்கலாம். பிள்ளையும் நிம்மதியாகப் படிப்பான்.

மூன்றாவது, பக்கத்துப் படிகளையும் பாருங்க. ஐ.ஏ.எஸ். தேர்வுக்குப் படித்த வரலாறும் அரசியலமைப்பும் குரூப் 1, குரூப் 2 தேர்வுக்கும் உதவும். நேர்முகத் தேர்வு வரை போய்த் தேர்வாகாதவர்கள் சம்மதித்தால், அவர்கள் விவரத்தை வேலை தருகிற நிறுவனங்கள் பார்ப்பதற்கு 'பிரதிபா சேது' என்ற தளத்தை யு.பி.எஸ்.சி. நடத்துகிறது. அரசுத் தேர்வு மட்டும் இல்லை. ஃபுட்பால் ஆடுகிற பிள்ளைக்கு, அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இட ஒதுக்கீடு இருப்பது தெரிய வேண்டும். சினிமா எடிட்டிங் ஆசை இருந்தால், கல்யாண வீடியோ எடிட்டிங்கில் அந்தக் கையைப் பழக்கலாம்.

உங்கள் போனில் செய்து வைக்க வேண்டியவை

இப்போது என் நாற்காலி விஷயத்துக்கு வருகிறேன். கடைசித் தேதி அன்று சாயங்காலம் ஓடி வருகிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். படிப்பெல்லாம் தயார், சாதிச் சான்றிதழ் தயாராக இல்லை. சர்வரும் அன்றைக்குத்தான் மெதுவாகப் போகும். இதற்காகக் கனவை இழக்கலாமா? இன்றைக்கே இவற்றைச் சரிபாருங்க.

• டி.என்.பி.எஸ்.சி. நிரந்தரப் பதிவு: கட்டணம் 150 ரூபாய், 5 ஆண்டுகளுக்குச் செல்லும். உங்கள் பதிவு எந்தத் தேதியில் முடிகிறது என்று பாருங்க. அதில் கொடுத்த மொபைல் நம்பர் இன்னும் உங்களிடம் இருக்கிறதா என்றும் பாருங்க.

• சாதி, வருமானம், இருப்பிடம், முதல் பட்டதாரி சான்றிதழ்கள்: இ-சேவை மையத்தில் ஒரு விண்ணப்பத்துக்கு 60 ரூபாய். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று பரிசீலனை நடக்க நாள் ஆகும். அறிவிப்பு வருவதற்கு முன்பே வாங்கி டிஜிலாக்கரிலோ போனிலோ சேமித்து வையுங்க.

• தமிழ் வழியில் படித்த சான்று: தமிழ்நாடு அரசுப் பணிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை உண்டு. ஒன்றாம் வகுப்பிலிருந்து, அந்த வேலைக்குக் கேட்கிற கல்வித் தகுதி வரை தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். படித்த ஒவ்வொரு பள்ளியிலும் சான்று வாங்க வேண்டியிருக்கும். விடுமுறைக்கு முன்பே போங்க.

• வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு: மூன்று வருஷத்துக்கு ஒரு முறை ஆன்லைனில் புதுப்பிக்க வேண்டும். பதிவு செய்து 5 ஆண்டு ஆகியும் வேலை கிடைக்காதவர்களுக்கு, வருமான வரம்புக்கு உட்பட்டு, மாதம் பத்தாம் வகுப்புக்கு 300, பன்னிரண்டாம் வகுப்புக்கு 400, பட்டதாரிக்கு 600 ரூபாய் உதவித்தொகை மூன்று ஆண்டு வரை உண்டு. பெரிய தொகை இல்லைதான். தேர்வுக் கட்டணத்துக்கும் பஸ்ஸுக்கும் ஆகும்.

• இலவசப் பயிற்சி: மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் தன்னார்வப் பயிலும் வட்டம் நடக்கிறது. யு.பி.எஸ்.சி.க்குப் படிப்பவர்கள் 'நான் முதல்வன்' திட்டத்தைப் பாருங்க. மதிப்பீட்டுத் தேர்வில் தேர்வாகும் 1,000 பேருக்கு மாதம் 7,500 ரூபாய் 10 மாதம் தருகிறார்கள். முதல்நிலைத் தேர்வில் வென்றால் 25,000 ரூபாய்.

• குரூப் 4 எழுதுவோர் பள்ளிப் பாடப்புத்தகத்தை விடாதீங்க. தமிழில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். பாடப்புத்தகங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

ஆசையை விலைபேசுகிறவர்கள்

வாய்ப்பு குறைவாக இருக்கிற இடத்தில்தான் ஏமாற்றுக்காரனும் கடை விரிப்பான். "ஆள் இருக்கு, இத்தனை லட்சம் கொடுத்தா போஸ்டிங் உறுதி" என்று வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் செய்தி வரும். அரசு முத்திரை போட்ட ஆணை மாதிரிகூட அனுப்புவான். தேர்வாணையம் கேட்பது விண்ணப்ப, தேர்வுக் கட்டணம் மட்டும்தான். அதையும் அதன் இணையதளத்தில்தான் கட்டுவோம். ஆன்லைனில் பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்க. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீங்களோ, பணத்தை முடக்கி வைக்க அவ்வளவு வாய்ப்பு. வெட்கப்பட்டு மறைக்காதீங்க.

பெற்றோருக்கு ஒரே ஒரு வார்த்தை. பக்கத்து வீட்டுப் பையன் வளைகுடாவில் சம்பாதிக்கிறான் என்று பிள்ளையிடம் சொல்வதைவிட, "இந்த வருஷம் எந்தப் படி ஏறப்போற?" என்று கேளுங்க. அதற்கு அவனிடமோ அவளிடமோ பதில் இருந்தால் தைரியமாக விடுங்க. பதில் இல்லை என்றால், சேர்ந்து உட்கார்ந்து யோசிங்க.

பிள்ளைகளே, ஆயிரத்தில் ஒருத்தராக ஆசைப்படுவதில் தப்பே இல்லை. மீதி 999 பேரில் ஒருத்தராக இருந்தாலும் தலை நிமிர்ந்து வாழ ஒரு வழியைக் கட்டிக்கொண்டே ஆசைப்படுங்க. இன்று ராத்திரி தூங்கப் போவதற்கு முன்னால் உங்கள் நிரந்தரப் பதிவு முடியும் தேதியைப் பார்த்துவிடுங்க.