சைடு கண்ணாடியை நானே மாத்தினேன்



குழுக் கடனில் வாங்கிய காரை என் வீட்டுக்காரர் வாடகைக்கு ஓட்டுகிறார். இடது பக்கக் கண்ணாடி உடைஞ்சும், ‘அப்புறம் பார்க்கலாம்’னு ஓட்டினார். ஒருநாள் பக்கத்தில் வந்த பைக்கை இடிக்கப் பார்த்தார். பைக்கில் கைக்குழந்தை இருந்துச்சு. அன்றைக்கே நான் கடைக்குப் போய், எங்க வண்டி மாடலுக்கான கண்ணாடியை மட்டும் வாங்கி வந்தேன்.

உடைஞ்ச கண்ணாடி மேல டேப் ஒட்டி, கிளவுஸ் போட்டு, சுடுதண்ணித் துணி வைத்து இளக்கிப் பெயர்த்தேன். பழைய பசையைச் சுரண்டி, துடைத்துக் காயவிட்டு, டபுள் சைடு டேப்பில் புதுசை அழுத்தி ஒட்டினேன். சாதாரணக் கண்ணாடியை வெட்டி ஒட்டாதீங்க. குமிழ்க் கண்ணாடியில்தான் அதிக இடம் தெரியும். ஆனா அதில் தூரமாத் தெரியுற வண்டி, நிஜத்தில் கிட்ட இருக்கும்.

கடனை மாசாமாசம் அடைச்சிடலாம். போன உயிரை யாரும் திருப்பித் தர முடியாது.