பக்கத்து மனையில் பள்ளம் தோண்டும் முன்
(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)



நான் பொறியாளன் அல்ல. பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். செங்கல்பட்டிலும் மாமல்லபுரம் கடற்கரைச் சாலையிலும் இப்போது கார் நிறுத்துவதற்காகப் பூமிக்குள் இரண்டு தளம், மூன்று தளம் என்று இறங்குகிறார்கள். அதில் நமக்கு என்ன பாதிப்பு என்று சில கணக்குகள் சொல்கிறேன்.

முதலில் பக்கவாட்டு மண். 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் மழையில், வேளச்சேரியில் கட்டடத்துக்காகத் தோண்டியிருந்த சுமார் 50 அடிப் பள்ளத்தின் ஓரம் சரிந்தது. ஒட்டியிருந்த எரிவாயு நிரப்பும் நிலையத்தின் ஒரு பகுதியும் உள்ளே விழுந்தது. இருவர் இறந்தார்கள். தண்ணீரை இறைத்து உடல்களை மீட்க நான்கு நாள் ஆனது. நனைந்த மண்ணின் பாரம் கூடும், பிடிமானம் குறையும். பள்ளம் அடுத்த மனையில் இருந்தாலும் ஆபத்து நமக்கும் உண்டு.

இரண்டாவது, கீழிருந்து தள்ளும் நீர். நிலத்தடி நீர் 2 மீட்டரில் இருக்கிறது, அடித்தளம் 8 மீட்டரில் என்று வையுங்கள். வித்தியாசம் 6 மீட்டர். சதுர மீட்டருக்கு 6 டன் மேல்நோக்கித் தள்ளும். 1,000 சதுர மீட்டர் தளத்துக்கு 6,000 டன். மேல்மாடிகள் எழும்பிப் பாரம் சேரும் முன் பம்பு நின்றால், காலி பேஸ்மென்ட் தொட்டிபோல மிதக்கப் பார்க்கும்.

மூன்றாவது, நம் கிணறு. கடலோர மணலில் பல மாதம் நீரை இறைத்தால் சுற்றுவட்டார நீர்மட்டம் இறங்கும். கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நல்ல நீர் நின்றால், அது கீழே சுமார் 40 மீட்டர் வரை உப்பு நீரை அழுத்தி வைத்திருக்கும் என்பது நிபுணர் கணக்கு. மேலே குறைந்தால் கீழே உப்பு ஏறும். நீரோடு பொடி மணலும் வெளியேறினால் பக்கத்துக் கட்டடம் இறங்கி, சுவரில் விரிசல் விடும்.

மாமல்லபுரத்தில் மணலுக்கு நடுவே பாறை தலைநீட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். சில அடி தள்ளினால் அதே பாறை எவ்வளவு ஆழத்தில் இருக்குமோ தெரியாது. அதனால் ஒரே இடத்தில் துளையிட்டுப் பார்த்த மண் பரிசோதனை போதாது.

பெரிய நிறுவனங்களின் பள்ளமும் விலக்கல்ல. கல்பாக்கத்தில் ஈனுலைக்காகத் தோண்டிய பள்ளத்தில் 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது கடல்நீர் புகுந்தது. பள்ளம் திறந்து கிடக்கும் காலமே மிகவும் பலவீனமான காலம்.

ஆவணம் பார்க்காமல் வங்கி கடன் தராது. அதுபோல, பக்கத்தில் தோண்டும் முன் சங்கத்தின் சார்பில் எழுத்து மூலம் இவற்றைக் கேட்க வேண்டும்:

1. மண் பரிசோதனை எத்தனை இடத்தில், எவ்வளவு ஆழம்? நீர்மட்டம் அளந்தது கோடையிலா, மழைக்குப் பிறகா?
2. தோண்டுவதற்கு முன்பே மண்ணையும் நீரையும் தடுக்கும் சுவரை இறக்குவார்களா?
3. மின்சாரம் போனால் பம்புக்கு ஜெனரேட்டர் உண்டா?
4. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன் அடித்தள வேலை முடியுமா?

நம் பங்குக்கு, இன்றுள்ள விரிசல்களைத் தேதியோடு படம் எடுத்து, இரு தரப்பும் கையெழுத்திட்டு வைப்போம். கிணற்று நீர்மட்டத்தையும் டி.டி.எஸ். அளவையும் வாரம் ஒருமுறை குறிப்போம். நாளை சேதம் என்று பேச்சு வந்தால், நம் கையில் இருக்கும் ஆதாரம் அந்த நோட்டுதான்.

இதற்கு இரண்டு பேர் முன்வந்தால் போதும். பெயர் கொடுங்கள்.