பயோடேட்டாவில் உங்க வேலை தெரியணும்

வெளிநாட்டில் முதியோரைப் பராமரிக்கும் வேலைக்கு விண்ணப்பிக்கப் போறீங்களா? இந்தப் பேச்சு உங்களுக்காகத்தான்.

நிறைய பயோடேட்டாக்களில் 'கடின உழைப்பாளி, பொறுமைசாலி' என்று இருக்கும். அதை யார் வேண்டுமானாலும் எழுதலாம். தன் அம்மா அப்பாவை நம்பி உங்களிடம் விடலாமா என்றுதான் வேலை கொடுப்பவர் பார்க்கிறார். அதனால் 'முதியோர் பராமரிப்பில் 2 ஆண்டு அனுபவம்' என்பதோடு நிறுத்தாதீங்க. 'பக்கவாதத்தால் படுக்கையில் இருந்த 78 வயதுப் பெரியவர். குளிப்பாட்டுதல், படுக்கைப்புண் வராமல் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்தல், சர்க்கரை அளவு பார்த்துக் குறித்தல்' என்று எழுதுங்க. பெரியவர் பெயர் வேண்டாம்.

சொந்தப் பாட்டியைப் பார்த்துக்கிட்டதும் அனுபவம்தான். 'குடும்பத்தில், சம்பளம் இல்லாமல்' என்று தனியாகக் குறிப்பிடுங்க. தெரியாத வேலையை மட்டும் எழுதாதீங்க. நேர்காணலில் சமாளிச்சிடலாம்; கட்டிலில் இருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றும்போது கை தவறினால் அடிபடுவது அந்த முதியவர்தான்.

பெயரும் பிறந்த தேதியும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும். தேறிய மொழித்தேர்வை ஆண்டோடு எழுதுங்க. 'குறிப்பிட்ட திறன் பணியாளர்' விசாவில் ஜப்பானுக்குப் பராமரிப்பு வேலைக்குப் போக, பொதுவாக ஜப்பானிய மொழித் தேர்வும் பராமரிப்புத் திறன் தேர்வும் தேறணும்.

கடைசியா ஒண்ணு. பயோடேட்டாவை முகவரிடம் கொடுக்கும் முன், அவர் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்க. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்திலும் பதிவு செய்துகொள்ளலாம்.