விலையும் மதிப்பும்



ஒரு பொருளின் விலையை அறிதல் எளிது; கடைக்காரரைக் கேட்டால் சொல்லிவிடுவார். அதன் மதிப்பை அறிதல் அத்துணை எளிதன்று. பல்லாண்டுகள் விடைத்தாள் திருத்திப் பழகிய எனக்கே இவ்வுண்மை அண்மையில்தான் நன்கு விளங்கிற்று. விளங்கச் செய்தவள், பொறியியல் கல்லூரியில் முதலாண்டு பயிலும் ஒரு பெண்.

கோவை உக்கடத்தில் சரக்கு வண்டி ஓட்டிப் பிழைப்பவர் அவளுடைய தந்தையார். என்னிடம் படித்த மாணவர். மகளுக்குக் கணிப்பொறி ஒன்று வாங்குவதற்காகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்துடன் ஒருநாள் என் வீட்டுக்கு வந்தார். "ஐயா, கடையில ரெண்டு பெட்டி காட்டறாங்க. எதை வாங்கறதுங்க?" என்று கேட்டார். நான் மூவருமாகக் கடைக்குப் போவோம் என்றேன்.

அங்கே இருந்தவை, பிறர் பயன்படுத்திக் கைமாறிய இரண்டு மேசைக் கணிப்பொறிகள். ஒன்றில் ஏ.எம்.டி. நிறுவனத்தாரின் ரைசன் 3 2200ஜி என்னும் நுண்செயலி. மற்றொன்றில் ரைசன் 3 3200ஜி. பின்னதற்கு விலை சற்றுக் கூடுதல்.

நுண்செயலி என்பது கணிப்பொறியின் மூளை. திரையில் உருவங்களைத் தீட்டுவதற்கு வரைகலைச் செயலி என்னும் மற்றோர் உறுப்பும் வேண்டும். முற்காலத்தில் அது தனி அட்டையாகவோ, மதர்போர்டில் உள்ள வேறொரு சில்லின் பகுதியாகவோ இருந்தது. 2011-ஆம் ஆண்டில் இன்டெல், ஏ.எம்.டி. ஆகிய இரு நிறுவனங்களின் மேசைக் கணிப்பொறிகளிலும் இரண்டையும் ஒரே சில்லில் அமைக்கும் முறை வந்துவிட்டது. இதனால் தனி அட்டைக்கான செலவு மிச்சமாகிறது. எளிய குடும்பத்தினர்க்கு இஃது ஒரு பெரும்பேறு. மேற்சொன்ன இரண்டின் பெயரிலும் இறுதியில் நிற்கும் 'ஜி' என்னும் எழுத்து, வரைகலை உள்ளேயே உண்டு என்பதைக் காட்டுவது.

நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விவரங்களைப் படித்தேன். இரண்டிலும் நான்கு உள்ளகங்கள். இரண்டிலும் 'வேகா 8' என்னும் வரைகலை. முன்னதன் அடிப்படை வேகம் நொடிக்கு 350 கோடித் துடிப்பு. பின்னதற்கு 360 கோடி. முன்னது 2018 பிப்ரவரியிலும், பின்னது 2019 ஜூலையிலும் வெளிவந்தன. வெளிவந்தபோது அமெரிக்காவில் இரண்டுக்கும் விலை 99 டாலரே. நூற்றுக்கு மூன்று பங்கு வேக வேறுபாட்டுக்காக ஏழைத் தந்தை ஏன் கூடுதல் பணம் தர வேண்டும்? "மலிவானதையே வாங்கிக்கொள், அப்பா" என்று தீர்ப்புக் கூறிவிட்டேன்.

அப்பெண் மெல்லக் குறுக்கிட்டாள். "ஐயா, எனக்கு விண்டோஸ் வேணுங்க. ஆட்டோகேட் படம் போடணும்" என்றாள். பிறகு அவள் எடுத்துரைத்த செய்தியை நான் அறிந்திருக்கவில்லை. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் அளித்து வந்த பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு ஏற்றவை என அந்நிறுவனம் வெளியிட்ட பட்டியலில் 3200ஜி உண்டு, 2200ஜி இல்லை. லினக்ஸ் முறைகள் இரண்டிலும் செவ்வனே ஓடும். ஆனால் அவள் கல்லூரியில் பயிலும் ஆட்டோகேட் லினக்ஸில் நேரே இயங்குவதன்று. யான் அற்பம் என்று தள்ளிய வேறுபாடு, அவளுக்கு நான்காண்டுப் படிப்பைத் தாங்கும் வேறுபாடாக இருந்தது.

பெயரைக் கண்டும் மயங்கலாகாது. 3200ஜி வெளிவந்த அதே மாதத்தில் வந்த 3000 வரிசை மேசை நுண்செயலிகளுள் பெரும்பாலானவை 'ஜென் 2' என்னும் புதிய அமைப்பின. 3200ஜியோ அதற்கு முந்திய 'ஜென் பிளஸ்' அமைப்பினது. ஒரே வகுப்பறையில் அமர்ந்திருப்பதனால் எல்லோரும் ஒரே பாடம் படித்தவர் ஆகார் அன்றோ?

இனி, நினைவகம் பற்றிய செய்தி. தனி வரைகலை அட்டைக்குத் தனக்கென நினைவகம் உண்டு. உள்ளமைந்த வரைகலைக்கு அது கிடையாது. நுண்செயலி பயன்படுத்தும் ரேமிலேயே தானும் பங்கு கொள்ளும். நம் கொங்கு நாட்டுத் தோட்டங்களில் முன்பு கவலை கட்டி நீர் இறைத்தனர். கிணற்றில் நீர் எவ்வளவு உண்டு என்பது ஒன்று. ஒரு நாழிகையில் எவ்வளவு நீர் மேலே வருகிறது என்பது வேறொன்று. கிணறு நிறைந்திருந்தாலும், ஒரே கவலையானால் இரண்டு வயல்கள் ஒருசேரப் பாய மாட்டா. இரண்டு சோடி எருதுகளைப் பூட்டி இரண்டு கவலை இறைத்தால் வாய்க்கால் நிறையும்.

ரேமும் அப்படியே. 2400 என்று குறியிட்ட டி.டி.ஆர்.4 ரேம் ஒன்று நொடிக்கு 240 கோடி முறை, முறைக்கு 8 பைட்டு வீதம் தரவல்லது. பெருக்கினால் 1,920 கோடி பைட்டு. அதுபோன்ற இரண்டை உரிய இரு துளைகளில் பொருத்தினால் உச்ச அளவு 3,840 கோடி. எழுதுதல், கணக்கிடுதல் போன்ற வேலைகளில் இவ்வேறுபாடு பெரிதாகத் தோன்றாது. முப்பரிமாண உருவங்களைச் சுழற்றும்போதும் விளையாட்டுகளிலும் நன்கு புலப்படும்.

கடைக்காரர் வைத்திருந்ததோ 8 ஜி.பி. ரேம் ஒன்று. மதர்போர்டில் துளைகள் இரண்டே. இழந்த மதிப்பை மீட்க விரும்பிய நான், "இதை எடுத்துவிட்டு, நான்கு நான்காக இரண்டு போடச் சொல்" என்றேன். அவள் சற்று நேரம் எண்ணினாள்.

"வேண்டாங்க ஐயா. நாலு நாலா போட்டா ரெண்டு துளையும் நிறைஞ்சுடும். அதுலயும் வரைகலைக்குக் கொஞ்சம் போயிடும். இந்தப் பருவத்துல எனக்குத் தட்டையான கோட்டுப் படந்தாங்க. ஒரு எட்டு இப்ப இருக்கட்டும். உதவித்தொகை வந்ததும் இன்னொரு எட்டு போட்டுக்கிறேன்" என்றாள்.

நான் வாயடைத்து நின்றேன். இன்றைய தேவை, நாளைய தேவை, தந்தையின் பணப்பை ஆகிய மூன்றையும் ஒருங்கே நிறுத்துப் பார்த்தவள் அவள்தான். ஒரு கவலையை இப்போது கட்டி, மற்றொன்றுக்கு இடம் விட்டுவைத்தாள். 3200ஜி அவள் வீடு சென்றது.

ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்கு ஒரு பாடம் உண்டு: ஒரு தேர்வு எதை அளப்பதற்காக அமைந்ததோ அதையே அளக்க வேண்டும். கணக்குத் தேர்வில் கையெழுத்தின் அழகுக்கு மதிப்பெண் இடலாகாது. அப்பாடத்தைப் பிறர்க்குக் கற்பித்த நானே, ஒற்றை எண்ணைக் கண்டு தீர்ப்பளித்துவிட்டேன். மாணவர் சிலரையும் அவ்வாறே மொத்த மதிப்பெண் ஒன்றைக் கொண்டு எடைபோட்டிருப்பேனோ என்னும் எண்ணம் அன்றிரவு என்னை உறங்கவிடவில்லை.

ஆதலின், மாணவச் செல்வங்களே, கடைக்குச் செல்லுமுன் ஒரு தாளை எடுத்து, நீங்கள் செய்யப்போகும் வேலைகளை எழுதுங்கள். எந்த மென்பொருள், எத்தனை ஆண்டு, பின்னர் எதைச் சேர்க்க இடமுண்டு என்று குறியுங்கள். பிறகு பொருளை அத்தாளோடு ஒப்பிடுங்கள். கூடுமானால் உங்கள் வேலையையே அதில் செய்து பாருங்கள். பெரியவர் ஒருவர் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொன்னால், அப்பெண்ணைப் போலப் பணிவோடு குறுக்கிடுங்கள். நல்லாசிரியர் எவரும் அதற்கு வருந்தார்.